நீங்கள் இல்லாத சனிக்கிழமை

ஆத்தே,

கீழ்த்தளத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் இன்று காலை கருவாடு பொரித்தார்கள். எங்கள் ஊர்க் கருவாட்டு மணமல்ல அது. விரல் நீளச் சின்ன மீன், உப்புக் கூடியது, எண்ணெயில் விழுந்த உடனேயே தொண்டையைப் பிடிக்கிற மணம். கிங்ஸ்பரியில் குளிருக்கு எல்லோரும் யன்னல்களை இறுக்கிச் சாத்திவைத்திருக்கிற மாதம் இது. போக வேறு வழியில்லாமல் மணம் படிக்கட்டால் ஏறி என் வாசலுக்கு வந்துவிட்டது. மேல்தளத்துக் கிழவர் கதவைத் திறந்து ஏதோ முணுமுணுத்துவிட்டுச் சாத்திக்கொண்டார். நான் என் கதவைத் திறந்தே வைத்தேன்.

அவர்கள் உங்கள் நாட்டுக்காரர். அந்த வீட்டுப் பெண்ணை மாடிப்படியில் கண்டிருக்கிறேன், இன்னும் பேசவில்லை. உங்கள் தம்பியின் மகள் எழுதிய கடிதம் வந்து மூன்று மாதமாகிறது. நான் பதில் எழுத வேண்டியது அவளுக்கு. பேனையை எடுத்தால் எழுத வருவது உங்களுக்குத்தான். சரி, உங்களுக்கே எழுதிவிடுகிறேன்.

நாங்கள் பேசிக்கொண்டது ஆங்கிலத்தில். உங்களுடையது ஆசிரியரின் ஆங்கிலம். என்னுடையது வேலைத்தலங்களில் பொறுக்கிச் சேர்த்தது. இத்தனை வருடங்களுக்குப் பிறகு நீங்கள் சொன்னவையெல்லாம் என் காதில் யாழ்ப்பாணத் தமிழாகவே கேட்கின்றன. கேட்கிறபடியே எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. நான் லண்டனுக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருக்காது. எங்கள் அகதி விண்ணப்பம் குரோய்டனிலுள்ள குடிவரவு அலுவலகத்தில் ஏதோவொரு மாடியில் ஏதோவொரு கோப்பில் கிடந்தது. என் கணவருக்குப் பெற்றோல் நிலையத்தில் வேலை. எனக்கு முதியோர் இல்லமொன்றின் சலவை அறையில். நீங்கள் அதே இல்லத்தின் சமையலறையில் பாத்திரம் கழுவினீர்கள். ஐம்பதை நெருங்கிய, குள்ளமான, நேராக நடக்கிற ஒரு பெண். அக்காவை உங்கள் நாட்டில் ஆத்தே என்று அழைப்பார்கள் என்று சொன்னீர்கள். வீட்டில் சொன்னபோது என் கணவர், "எங்கட பழைய ஆக்கள் தாயை ஆத்தை எண்டுதானே கூப்பிட்டவை," என்றார். அதன் பிறகு எங்கள் வீட்டில் உங்களுக்கு வேறு பெயர் இருக்கவில்லை.

மகளின் பள்ளிக் கடிதம் வந்த நாளிலிருந்துதான் நீங்கள் என் வாழ்க்கைக்குள் வந்தீர்கள். மகள் சுபாவுக்கு அப்போது ஏழு வயது. அவளுடைய பள்ளியிலிருந்து வந்த கடிதத்தை வேலைக்குக் கொண்டுவந்து, துணி மடிக்கிற மேசையில் வைத்துத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். சொற்கள் விளங்கின, சொல்ல வந்தது விளங்கவில்லை. நீங்கள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தீர்கள்.

"உன்ர மகள் பள்ளிக்கூடத்தில கதைக்கிறாவோ?"

"இல்லை. வீட்டில வாய் மூடமாட்டாள். அங்க ஒரு சொல்லும் இல்லையாம்."

"அவளுக்கு மூளை வளர்ச்சி காணாதெண்டு நினைக்கினம். வேற பள்ளிக்கூடத்துக்கு மாத்தப் போகினம். பின்தங்கின பிள்ளையளின்ர பள்ளிக்கூடத்துக்கு. உன்னைக் கூப்பிட்டிருக்கினம், கையெழுத்துக்கு."

நீங்கள் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. எந்த நாள், எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டீர்கள். அன்றைக்கு ஷிப்டை மாற்றிக்கொண்டு, இருந்த ஒரேயொரு நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு என்னோடு வந்தீர்கள்.

தலைமை ஆசிரியையும் வகுப்பு ரீச்சரும் எங்களுக்கு முன்னால் இருந்தார்கள். கெட்டவர்கள் இல்லை. களைத்துப்போனவர்கள். சுபா பேசுவதில்லை, சொன்னால் கேட்பதில்லை, படம் மட்டும் கீறுகிறாள் என்றார்கள். நீங்கள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பிள்ளை வீட்டில கதைக்கிறாளோ?" என்றீர்கள். அது தங்களுக்குத் தெரியாது என்றார் ரீச்சர். "ஆருக்குத் தெரியும்?" என்றீர்கள். நீங்கள் என் தோளில் கை வைத்து, "இவவுக்குத் தெரியும். இவவை ஒருத்தரும் கேக்கேல்லை," என்றீர்கள்.

கையெழுத்து வைக்காமல் எழும்பி வந்தோம். அந்தத் தவணை முடியும்வரை பொறுத்துப் பார்ப்பதாகத் தலைமை ஆசிரியை சொன்னார். வகுப்பு ரீச்சர் வாசல்வரை வந்து, பிள்ளை பேசுகிற இடம் ஒன்று இருந்தால் தான் அங்கே வந்து பார்க்கத் தயார் என்றார். தவணை முடிய எட்டுக் கிழமை இருந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது நீங்கள் உங்களைப் பற்றி முதல்முறையாகச் சொன்னீர்கள். மலைகள் நிறைந்த தீவொன்றில் பள்ளி அதிபராக இருந்தவர் நீங்கள். அரசாங்கப் பள்ளி ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது. மழை பிடித்தால் மாதக்கணக்கில் ஒரு பிள்ளையும் போகமுடியாது. பள்ளியை இந்தப் பக்கம் கொண்டுவருவதென்று முடிவெடுத்து, எங்கே கட்டுவது, எந்த மாதம் மூடுவது, எதைப் படிப்பிப்பது என்று ஊர்ச் சனத்திடமே கேட்டீர்கள். நடவு மாதத்தில் மூடினார்கள். தோணி கட்டுகிறவர் வந்து அளவை படிப்பித்தார். மருத்துவிச்சி வந்து உடம்பைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார். பக்கத்து ஊர்களும் கேட்டன, நீங்கள் மலை ஏறி இறங்கி அங்கேயும் தொடங்கிவைத்தீர்கள். இராணுவம் வந்து, சனம் எதற்காகக் கூட்டம் கூடுகிறது என்று கேட்டது. ஒரு பள்ளியின் கூரையைக் கொளுத்தினார்கள். உங்களோடு வேலை செய்த ஆசிரியர் ஒருவரைக் கொண்டுபோனார்கள், அவர் திரும்பி வரவில்லை. நீங்கள் தப்பி வேறொரு நாட்டில் பணக்காரக் குடும்பமொன்றுக்கு வீட்டு வேலைக்குப் போனீர்கள். அவர்கள் லண்டனுக்கு வந்தபோது உங்களையும் கொண்டுவந்தார்கள். பாஸ்போட்டை அவர்களே வைத்துக்கொண்டார்கள். ஒரு காலை குப்பையை வெளியே வைக்கப் போனவர் அப்படியே நடந்துவிட்டீர்கள்.

"என்னட்டப் பேப்பர் ஒண்டும் இல்லை," என்றீர்கள் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி. "என்னோட திரியிறது உன்ர கேஸுக்கு நல்லதில்லை. தெரிஞ்சுகொண்டு திரி."

நான் தெரிந்துகொண்டுதான் திரிந்தேன். அதை இங்கே எழுதிவைக்க வேண்டும். பிறகு நடந்ததற்கு, தெரியாது என்று நான் சாட்டுச் சொல்ல ஏலாது.

சுபா பேசுகிற இடமொன்று வேண்டும் என்றுதான் சனிக்கிழமைப் பள்ளியைத் தொடங்கினோம், பெற்றோரே படிப்பிக்கிற பள்ளி. மன்னாரிலிருந்து வந்த சூசை அண்ணை, மீன் கடையில் வேலை செய்தவர், தன்னுடைய கத்தோலிக்கக் கோயில் சுவாமியிடம் பேசி மண்டபத்தைச் சனிக்கிழமைக் காலைகளுக்கு வாங்கித் தந்தார். எங்கள் வீதியிலும் பக்கத்து வீதிகளிலும் இருந்த குடும்பங்களை நீங்களும் நானும் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டோம். முதல் நாள் நீங்கள் கதிரைகளை வட்டமாகப் போட்டீர்கள். தம்பையா மாஸ்டர் வந்து அவற்றை வரிசையாகத் திருப்பிப் போட்டார். ஊரில் முப்பது வருடம் கணக்குப் படிப்பித்தவர் அவர். எங்கள் ஆட்களிடையே அவர் சொன்னால் சொன்னதுதான்.

"பாடத்திட்டம் எங்க? சோதினை எங்க?" என்று என்னிடம் தமிழில் கேட்டார். "மீன் வெட்டிறவரும் உடுப்புத் தோய்க்கிற பிள்ளையும் படிப்பிக்கிறதெண்டால் அது பள்ளிக்கூடமோ? இவ ஆர்? எங்கட பிள்ளையளுக்கு என்ன படிப்பிக்கிறதெண்டு எங்கயோ இருந்து வந்த ஒரு மனிசி சொல்லுறதோ?"

நான் மொழிபெயர்க்கத் தயங்கினேன். நீங்கள் விடவில்லை, முழுவதையும் சொல்லச் சொன்னீர்கள். கேட்டுவிட்டு, "அவர் சொல்லுறது சரி. நான் சொல்லக்கூடாது. தாய்தேப்பன்மார் சொல்லட்டும்," என்றீர்கள். கதிரைகளை அவர் போட்டபடியே விட்டுவிட்டீர்கள். மாஸ்டர் அன்று எழும்பிப் போனவர்தான், பிறகு வரவில்லை. அடுத்த கிழமை கதிரைகளை வட்டமாகப் போட்டவர்கள் தாய்மார்.

சூசை அண்ணை தராசு கொண்டுவந்தார். கோட் தைக்கிற தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு தாய் அளவு நாடா கொண்டுவந்தார். என்னுடைய முறை வந்தபோது எனக்கு ஒன்றும் தெரியாது என்று அழாக்குறையாகச் சொன்னேன். "நாள் முழுக்க விரிப்பு மடிக்கிறாய். அரை, கால், அரைக்கால் எல்லாம் உன்ர கையில கிடக்கு," என்றீர்கள். இல்லத்தின் பழைய கட்டில் விரிப்பொன்றைக் கேட்டு வாங்கினோம். நான் அதை முதல்முறை பிள்ளைகளுக்கு முன்னால் மடித்தபோது நீங்கள்தான் மறுமுனையைப் பிடித்தீர்கள். சுபா வட்டத்தில் இருந்து என்னை வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அம்மா ரீச்சர் என்பது புதிது.

ஆறாவது கிழமைக்குள் சுபா மண்டபத்தில் பேசத் தொடங்கிவிட்டாள். தமிழில்தான். நான் பள்ளிக்குப் போய் வகுப்பு ரீச்சரிடம் நாள் குறித்துக்கொண்டு வந்தேன். தவணை முடிவதற்கு முந்தைய சனிக்கிழமை. அதற்கு இரண்டு கிழமை முன்னால்தான் அவர்கள் வந்தார்கள்.

காலை பதினொரு மணி இருக்கும். இடைவேளை முடிந்திருந்தது. நீங்கள் பிஸ்கற் துகள்களைக் கூட்டிக்கொண்டிருந்தீர்கள். கோட் போட்ட இரண்டு ஆண்களும் ஒரு பெண்ணும் வாசலில் வந்து நின்றார்கள். வாசலுக்குக் கிட்ட நின்றது நான். அடையாள அட்டையைக் காட்டி, குடிவரவுப் பகுதியிலிருந்து வருவதாக மெதுவாகச் சொன்னார்கள். இந்த இடத்தை நடத்துவது யார் என்று கேட்டார்கள். பெற்றோர் என்றேன். பெண் அதிகாரி உங்களைக் காட்டி, "அவர்?" என்றார்.

"மண்டபம் கூட்டுகிறவர்," என்றேன்.

"உங்களுக்கு அவரைத் தெரியுமா?"

என் கண்ணுக்கு முன்னால் குரோய்டன் கட்டடம் வந்தது. எங்கள் கோப்பு வந்தது. வெலிக்கடைச் சிறையில் மூன்று மாதம் கிடந்த என் கணவரின் முதுகு வந்தது. "தெரியாது," என்றேன்.

நீங்கள் நிமிர்ந்து பார்த்தீர்கள். தும்புத்தடி நின்றது. ஒரு கணம்தான். பிறகு மிச்சத் துகள்களைக் கூட்டி அள்ளி, வாளிக்குள் போட்டு, தும்புத்தடியைச் சுவரோடு சாத்திவிட்டு அவர்களோடு போனீர்கள். பிள்ளைகள் தலை நிமிரவில்லை, நிறம் தீட்டிக்கொண்டிருந்தார்கள். சுபா மட்டும் எழும்பி வந்து என் கையைப் பிடித்தாள்.

"அம்மா, ஏன் ஆத்தேயைத் தெரியாதெண்டு சொன்னனீங்கள்?"

நானும் அதிகாரியும் பேசியது முழுவதும் ஆங்கிலத்தில், ஆத்தே. மூளை வளர்ச்சி காணாத பிள்ளை என்று கடிதம் வந்ததே, அந்தப் பிள்ளைக்கு ஒரு சொல்லும் தவறவில்லை. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டிய செய்தி அது. அந்த வாசலில், அந்தக் கேள்வியாக வந்தது.

அடுத்த சனிக்கிழமை மண்டபத்தை யாரும் திறக்கவில்லை. யாரோ குடிவரவுப் பகுதிக்கு எழுதிப் போட்டிருக்கிறார்கள் என்று கதை பரவியது. பெரும்பாலானோர் மாஸ்டரைத்தான் நினைத்தார்கள், நானும் நினைத்தேன். தொலைபேசி அடித்தால் எடுக்கப் பயம். உங்களை விமான நிலையத்துக்குக் கிட்ட ஒரு தடுப்பு நிலையத்தில் வைத்திருந்தார்கள். போகப்போகிறேன் என்று சொன்னபோது என் கணவர் மறித்தார். "எங்கட கேஸ் முடியட்டும். நீ அங்க போய்ப் பேர் எழுதினால் எங்களையும் தோண்டுவாங்கள்." நான் போகவில்லை. அவர் மறித்ததால் போகவில்லை என்று எழுதினால் அதுவும் பொய். மறிக்க வேண்டும் என்று நான் காத்திருந்தேன்.

சூசை அண்ணை போய்வந்தார். வேலையால் வந்த உடுப்போடேயே எங்கள் வீட்டு வாசலில் நின்றார்.

"அவ கோவத்தில இருக்கிறாவோ, அண்ணை?"

"தெரியேல்லை பிள்ளை. ஒரு கேள்விதான் கேட்டவ. மண்டபம் திறந்ததோ எண்டு. எனக்கு இல்லையெண்டு சொல்ல வாய் வரேல்லை. பேசாமல் இருந்தனான். அவவுக்கு விளங்கியிருக்கும்."

நீங்கள் பிடிபட்டுப் பதினோராவது நாள், ஒரு புதன்கிழமை, நான் வந்தேன். பெயர் எழுதும்போது பேனை வழுக்கியது. நீங்கள் மேசைக்கு அந்தப் பக்கம் வந்து இருந்தீர்கள். மெலிந்திருந்தீர்கள். யாரோ கொடுத்த, தோள் பெரிதான கம்பளிச் சட்டை. முகமன் ஒன்றும் இல்லை.

"சனிக்கிழமை ஆர் திறந்தது?"

"ஒருத்தரும் திறக்கேல்லை."

உங்களை நான் கோபமாகப் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். குரல் உயரவில்லை. மேசையில் வைத்த கை மட்டும் இறுகியது.

"அங்கயும் இப்பிடித்தான். நான் வெளிக்கிட்ட அடுத்த நாளே எல்லாப் பள்ளிக்கூடமும் நிண்டுபோச்சு. கூரையைக் கொளுத்தினது ஆமி. பள்ளிக்கூடத்தை நிப்பாட்டினது நான். எல்லாம் என்னைப் பாத்துக்கொண்டு நிக்கிற மாதிரி நான்தான் கட்டி வைச்சனான். இத்தினை வருசமா எனக்கு அதுதான் யோசினை. இங்கயும் அதையே செய்திட்டனெண்டால், நான் ஒண்டும் படிக்கேல்லை."

"ஆரோ எழுதிப் போட்டிருக்கினம். ஆரெண்டு கண்டுபிடிக்கிறம்," என்றேன்.

"கண்டுபிடிச்சு? அவற்ற பிள்ளையை மண்டபத்தால வெளியில விடுவியோ? விடு. தேடாதை."

எனக்கு அதற்குமேல் தாங்க ஏலவில்லை. "நான் உங்களைத் தெரியாதெண்டு சொன்னனான்," என்றேன்.

"கேட்டது."

நீங்கள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"வலிச்சது," என்றீர்கள். "அதைப் பிறகு கதைப்பம். இந்தச் சனிக்கிழமை ரீச்சர் வாற நாள். முதல்ல அதைச் சொல்லு. ஆர் திறக்கிறது?"

"நான் திறக்கிறன்."

"நீ மட்டும் திறந்தால் காணாது," என்றீர்கள்.

அந்த மூன்று நாளும் நான் வீடு வீடாக ஏறி இறங்கினேன். வேலை முடிந்து சீருடையோடேயே போனேன். சிலர் கதவைத் திறக்கவில்லை. சிலர் திறந்து, வருத்தம் தெரிவித்துவிட்டு மூடினார்கள். மாஸ்டர் வீட்டுக்கும் போனேன். பேச வாயெடுத்தபோது அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "நான்தான் எழுதினதெண்டு நீயும் நினைக்கிறாய், என்ன," என்றார். நான் இல்லை என்று சொல்லவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. கோபமா துக்கமா என்று எனக்கு விளங்கவில்லை. இறங்கி வந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை நானும் சுபாவும் சூசை அண்ணையும் கதிரைகளை வட்டமாகப் போட்டோம். பத்து மணிக்கு ஆறு பிள்ளைகள். பத்தேகாலுக்குப் பதினொன்று. ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் நான் திரும்பிப் பார்த்தேன், யார் வருகிறார்களோ என்று. ரீச்சர் வந்து பின்னால் ஒரு கதிரையில் இருந்தார், மடியில் ஒரு குறிப்புப் புத்தகம். நான் விரிப்பை எடுத்தேன். எடுத்த பிறகுதான் நினைவு வந்தது, மறுமுனையைப் பிடிக்க ஆளில்லை. அது எப்போதும் நீங்கள் நின்ற இடம்.

சூசை அண்ணை எழும்புவதற்குள் கதவடியில் ஒரு அசைவு. தம்பையா மாஸ்டர், பேர்த்தியின் கையைப் பிடித்தபடி. எவ்வளவு நேரமாக நின்றாரோ. பேர்த்தியை இருத்திவிட்டு, கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, வட்டத்துக்குள் வந்து விரிப்பின் மறுமுனையைப் பிடித்தார். என்னைப் பார்க்கவில்லை. பிள்ளைகளைப் பார்த்து, "சரி, இப்ப எத்தினை துண்டு?" என்றார்.

அரை. கால். அரைக்கால். நான் பதற்றத்தில் நாலாவது மடிப்பைக் கோணலாக மடித்துவிட்டேன். சுபா எழும்பினாள். "அம்மா, பிழை, ஓரம் பொருந்தேல்லை. அது பதினாறில ஒண்டு இல்லை," என்றாள். பிறகு, ஏன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது, பின்னால் இருந்த ரீச்சரின் பக்கம் திரும்பி, அதையே ஆங்கிலத்தில் முழுமையாக விளங்கப்படுத்தினாள். துண்டுகள் எல்லாம் ஒரே அளவாக இருந்தால்தான் அப்படிச் சொல்லலாம் என்றாள். ரீச்சர் பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

முடிந்ததும் ரீச்சர் என்னிடம் வந்து, அன்றைக்கு என்னோடு வந்த பெண் எங்கே என்று கேட்டார். மாஸ்டர் கிட்ட நின்றார், மற்றத் தாய்மாரும் நின்றார்கள். நான் சொன்னேன். எல்லாவற்றையும், என்னுடைய பங்கையும் சேர்த்து. ரீச்சர், தான் ஒரு கடிதம் எழுதித் தரலாமா என்று கேட்டார்.

திங்கட்கிழமை உங்கள் வழக்கை எடுத்த லோயரிடம் போய், அதிகாரியிடம் நான் சொன்னது பொய் என்று எழுதிக் கொடுத்தேன். இது உங்கள் சொந்த விண்ணப்பத்தைப் பாதிக்கக்கூடும், யோசித்துச் செய்யுங்கள் என்றார் லோயர். என் கணவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. விசாரணை நாளன்று அவர்தான் கார் கேட்டு வாங்கி என்னைக் கொண்டுபோனார். பின்வரிசை முழுவதும் எங்கள் ஆட்கள். மாஸ்டர் ஊர்ப் பள்ளியின் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். நீங்கள் திரும்பி ஒருமுறை பார்த்தீர்கள். யார் யார் என்று எண்ணுவதுபோல ஒவ்வொருவராக.

தீர்ப்புச் சொல்பவர் என்னிடம் கேட்டார். அன்று தெரியாது என்றீர்கள், இன்று தெரியும் என்கிறீர்கள், நான் எதை நம்புவது?

"அன்றைக்குப் பயத்தில் சொன்னேன்," என்றேன். "இன்றைக்கும் பயம்தான். ஆனால் இது உண்மை."

ஆறு கிழமைக்குப் பிறகு உங்களுக்கு இருப்பதற்கு அனுமதி கிடைத்தது. எங்களுடைய பதில் வர இன்னும் நாலு வருடம் சென்றது. அதற்கும் இதற்கும் தொடர்பு இருந்ததா என்று எனக்குத் தெரியாது. அந்த நாலு வருடமும் தபால் விழுகிற சத்தத்துக்கு நெஞ்சு அடித்தது தெரியும். சுபா அதே பள்ளியில் படித்தாள். இப்போது பல்கலைக்கழகம் போக நிற்கிறாள்.

நீங்கள் மண்டபத்துக்குத் திரும்பி வந்தீர்கள், ஆனால் பழைய இடத்துக்கு வரவில்லை. ஒவ்வொரு தவணையும் ஒரு வேலையைக் கைவிட்டீர்கள். வரவுப் புத்தகம் சூசை அண்ணையிடம் போனது. பெற்றோர் கூட்டம் மாஸ்டரிடம் போனது. அவரும் நீங்களும் கதிரைக்காகச் சண்டை பிடித்துக்கொண்டே இருந்தீர்கள். எழுதிப் போட்டது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. எழுதினவரின் பிள்ளையும் எங்களோடேயே படித்து வளர்ந்திருக்கும். தொண்ணூறுகளின் நடுவில் உங்கள் மலையிலிருந்து ஆட்கள் எழுதினார்கள், பள்ளியை மறுபடி தொடங்க வேண்டும், வாருங்கள் என்று. அப்போது உங்களுக்கு அறுபது ஆகவிருந்தது, முழங்கால் நோவு. "தொடங்கிவிடப் போகேல்லை," என்றீர்கள். "அவையள் தொடங்கட்டும். நான் பக்கத்தில இருந்து பாக்கப் போறன்."

விமான நிலையத்துக்கு எல்லோரும் வந்தோம். தடுப்பு நிலையத்தில் நீங்கள் சொன்ன அந்தப் "பிறகு" இன்றைக்குத்தான் என்று நான் முடிவெடுத்து வந்திருந்தேன். ஆனால் பெட்டி பாரம் கூடிப்போய்ப் பிரித்துக் கட்ட வேண்டியிருந்தது. பிள்ளைகள் உங்களைச் சுற்றி நின்றார்கள். மாஸ்டர் ஒரு உரையே எழுதிக்கொண்டு வந்திருந்தார். என்னைக் கட்டிப்பிடித்தபோது நான் வாயெடுத்தேன். அதற்குள் அழைப்பு வந்துவிட்டது. நீங்கள் போன பிறகு கடிதங்கள் எழுதினோம். மழை, ஆறு, புதுக் கூரை, சுபாவின் சோதனைகள். அதை மட்டும் நான் எழுதவில்லை, நீங்களும் கேட்கவில்லை.

உங்கள் தம்பியின் மகள் எழுதியிருக்கிறாள், உங்களை ஒரு வெள்ளிக்கிழமை அடக்கம் செய்தார்களாம். அதற்கடுத்த திங்கட்கிழமை பள்ளி வழக்கம்போலத் திறந்ததாம். யாரும் முடிவெடுத்துச் சொல்லவில்லை, தோணிக்காரரின் மகன் வந்து கதவைத் திறந்தார், பிள்ளைகள் வந்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாள். அதில் அவளுக்கு ஒரு மனக்குறை இருப்பதுபோலப் பட்டது. ஒரு நாளாவது மூடியிருக்கலாம் என்று. அவளுக்குச் சொல்ல வேண்டும், அதைவிடப் பெரிய மரியாதை உங்களுக்கு யாரும் செய்திருக்க முடியாது என்று. இந்தக் கடிதம் முடிந்ததும் அவளுக்கு எழுதுவேன்.

ஆத்தே, நீங்கள் என்னை மன்னித்துவிட்டீர்களா என்று எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளாமலேதான் நான் இருக்க வேண்டும். இப்போது புதிதாக வந்தவர்களுக்கு மொழிபெயர்க்க அவர்களோடு போய்வருகிறேன். மருத்துவமனை, கவுன்சில், சிலவேளை குரோய்டன். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் நிமிர்ந்து, இவரை உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். சாதாரணக் கேள்வி. இத்தனை வருடத்துக்குப் பிறகும், எங்கள் கையில் கடவுச்சீட்டு இருக்கும்போதும், நாக்கில் முதலில் வந்து நிற்பது "தெரியாது" என்ற சொல்தான். அதை விழுங்கிவிட்டுத்தான் பதில் சொல்கிறேன். விழுங்குவதற்கு ஒரு கணம் எடுக்கிறது. பக்கத்தில் இருக்கிறவர் அந்தக் கணத்தில் என் முகத்தைப் பார்ப்பார். நான் அவர் பக்கம் திரும்பி, அவருடைய பெயரை முழுதாகச் சொல்லித் தொடங்குகிறேன்.

உங்கள் இண்டாய்
(இளையவளை உங்கள் தீவில் அப்படித்தான் அழைப்பார்கள் என்று நீங்கள் வைத்த பெயர். இப்போது அதைச் சொல்லிக் கூப்பிட யாரும் இல்லை.)